செயலாளர் ஆண்டறிக்கை 2024, சுங்கை சிப்புட், மலேசியா

தலைவருக்கும் செயலவையினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பிறகு.

பொங்கல் விழா நடந்தது. மே தினப் பந்து விளையாட்டு மழையால் பாதியில் நின்றது. தீபாவளிக்கு முதியோருக்கு அரிசி கொடுத்தோம்.

அக்டோபரில் நடந்த மூளை நல முகாமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 40 நாற்காலி போட்டோம், 11 பேர் வந்தார்கள். அதில் மூவர் செயலவை, ஒருவர் பந்தல்காரர். பேனரில் 'மூளை' என்று போட்டது என் தவறுதான். "எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு, செயலாளரே?" என்று சாப்பாட்டுக் கடையில் ஓர் ஆலைத் தோழர் கேட்டார். கிறுக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இது மறதி நோயைத் தடுப்பதற்கான முகாம். செம்பனை (பாமாயில்) ஆலையில் பாய்லர் பக்கம் இருபது வருடம் நின்றால் காது மந்தமாகும். காது மந்தமானவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கி உட்காருகிறார். நடுவயதில் காது மந்தம், ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் (நீரிழிவு) உட்பட 14 காரணங்களைச் சரியாகக் கவனித்தால், உலகில் மறதி நோயில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று இந்த ஆண்டு லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சொல்லியிருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. எட்டு மணி நேர வேலைக்குச் சத்தம் 85 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது 2019 விதி. வாரம் 45 மணி நேரம்தான் வேலை என்பது 2023 முதல். இருந்தும் ஓர் ஆலை (பெயர் வேண்டாம்) முகாமுக்கு ஆட்களை ஒரு மணி நேரம் விட மறுத்தது. காது அடைப்பான் கொடுத்தாச்சாம்! அது சட்டைப் பையில் கிடப்பதை நான் பார்த்தேன்.

வந்தவர்களில் இருவருக்குக் கொதிப்பு ஏறியிருந்தது. அன்றே அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பினோம். ஆகவே முகாம் வீண் இல்லை. பொருளாளர் கருத்து வேறு.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகவே நிற்கின்றன, விவரம் பொருளாளரிடம். முகாமுக்கு என் கைக்காசும் போனது. திருப்பிக் கேட்கவில்லை, குறிப்பில் இருக்கட்டும். சந்தா கட்டாதவர்கள் பாதிக்கு மேல். மாதம் 2 வெள்ளிதான் (ரிங்கிட்)!

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், விடுமுறை நாளில் வந்த தாதியருக்கும் நன்றி.

அடுத்த முகாம், இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில், ஆலை வாசல் கடையில். பேனரில் 'காது, கொதிப்பு' மட்டும். பதவிக்கு இளையவர் வந்தால் வழிவிடுகிறேன். போன வருடம் இதைச் சொன்னதும் எல்லாரும் தே குடிக்கப் போய்விட்டார்கள். கொதிப்பு பார்க்கும் கருவி என் வீட்டில்தான் இருக்கிறது. எந்த நேரமும் வரலாம், காசில்லை. வரும்போது சந்தா அட்டையையும் எடுத்து வந்தால் ஒரே நடையில் முடியும்.