டிலேயும் லூப்பரும் மேடையேறக் கைகொடுத்தவர்களுக்கு

குளச்சல் பக்கத்துத் திருவிழா மேடையில் என் கிட்டாரைக் கேட்டவர்கள் பலர் அப்புறம் வந்து ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். லூப் (நான் வாசித்த துண்டை லூப்பர் என்ற பெடல் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவது) சட்டென்று நின்றது, அடுத்த பாட்டும் தெளிவாகத் தொடங்கியது, ஆனால் பழைய எக்கோ மட்டும் பின்னால் மெல்லக் கரைந்துகொண்டிருந்ததே, அது எப்படி என்று. பாராட்டு என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. அது போய்ச் சேர வேண்டிய ஆட்கள் வேறு.

கோட்டாறில் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. காலால் மிதித்துக் கிட்டார் ஒலியை மாற்றும் பெடலை அவர் அதற்கு முன் திறந்ததே இல்லை. எக்கோ தரும் என் டிலே பெடலின் மூடியைக் கழற்றியதும் சிரித்துவிட்டார். "மக்களே, இது நம்ம மைக்செட் எக்கோ போர்டுல உள்ள பிடி 2399 சிப் தானே!" அந்தச் சிப்போடு அவருக்கு எத்தனையோ வருஷப் பழக்கம். ஆறாவது காலில் இருக்கும் ரெசிஸ்டர்தான் தாமத நேரத்தை முடிவு செய்கிறது என்று மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். அந்த இடத்தில் கால் பெடல் ஒன்றைப் பொருத்தி, மேடையிலேயே நேரத்தை மாற்றும்படி செய்து தந்தார். கூடவே தொடராக ஒரு சின்ன ரெசிஸ்டரையும் பற்றவைத்தார். மின்தடை ரொம்பக் குறைந்த நிலையில் கரண்ட் போட்டால் இந்தச் சிப் மலைத்து நின்றுவிடும், அதற்காக.

எக்கோ கரைந்ததும் அவர் வேலைதான். டிலேயை அணைத்தால் முன்பு எக்கோவும் கத்தி வைத்ததுபோல் அறுந்துவிடும். கிட்டார் ஒலி எப்போதும் நேராக வெளியே போக, டிலேக்குள் நுழையும் பாதையை மட்டும் ஸ்விட்ச் துண்டிக்கும்படி வயரிங்கை மாற்றினார். ஏற்கெனவே உள்ளே போன ஒலி தன் போக்கில் சுழன்று அடங்குகிறது.

லூப்பர் விஷயம் வேறு. ஒரே பட்டன் உள்ள லூப்பரை நிறுத்த இருமுறை மிதிக்க வேண்டும். வேகமான பாட்டில் தாளத்தோடு சரியாக நிறுத்துவது பெரும் பாடு. நல்லவேளை, பின்பக்கம் வெளி ஸ்விட்சுக்கான ஜாக் இருந்தது. வடசேரி கிரில் பட்டறையில் அந்த ஸ்விட்சைப் பொருத்த ஓர் அலுமினியப் பெட்டியில் 12 மில்லிமீட்டர் துளை போட்டு, ஓரத்தில் பிசிறில்லாமல் ராவித் தந்தார்கள். காசு வேண்டாம் என்றதை மறக்க மாட்டேன். இப்போது ஒரே மிதி, லூப் நின்றுவிடும்.

தக்கலையில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் ஐயாவுக்கும் நன்றி. டிஜிட்டல் லூப்பரும் டிலேயும் ஒரே அடாப்டரில் ஓடினால் ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சொலி ஏறுகிறது. பெடலுக்குப் பெடல் தனிச்சுற்று வைத்துக் கட்டித் தந்தார். ஜெனரேட்டரில் ஓடிய மேடையில்கூட ஒரு இரைச்சல் இல்லை.

டிரம்ஸ் வாசித்த தம்பியிடம் நான் பெரிதாகக் கடன்பட்டிருக்கிறேன். எங்கள் முக்கியப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு. அதில் டாட்டட் எய்த் எக்கோவுக்கு, அதாவது முக்கால் தட்டு தள்ளி வரும் எக்கோவுக்கு, 375 மில்லி செகண்ட் வேண்டும். இந்தச் சிப்போ 340ஐ வெகுவாகத் தாண்டினால் கரகரக்கத் தொடங்கும். வேகத்தை 132க்கு ஏற்றினால் எக்கோ 341க்கு வந்துவிடும் என்றேன். பாட்டுக்காரர்கள் தயங்கியபோது, "ஏத்திப் பாடிப் பாருங்கண்ணே, நல்லாத்தான் இருக்கும்" என்று அவன்தான் பேசினான். பாட்டும் அந்த வேகத்தில்தான் உயிர் பெற்றது என்பது என் கருத்து.

திங்கள்சந்தை மைக்செட் அண்ணன் லூப்பரின் ஒலியைத் தனி லைனாக எடுத்து டிரம்ஸ் மானிட்டரில், அதாவது டிரம்மர் கேட்பதற்கான ஸ்பீக்கரில், கொடுத்தார். இதைச் செய்யாவிட்டால் மற்ற எல்லாம் வீண். லூப் யாருக்காகவும் காத்திருக்காது, டிரம்மர்தான் அதைக் கேட்டு வாசித்தாக வேண்டும். உப்புக்காற்றில் ஜாக்குகள் பச்சை பிடித்திருந்ததைக் கவனித்து, கேட்காமலேயே எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்ததும் அவரே.

வயரிங் படத்தை யார் கேட்டாலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் கோட்டாறு அண்ணன். நம் மாவட்டத்துக் கோயில் பாடகர் குழுக்களில் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் தயங்காமல் கேளுங்கள், தருகிறேன்.