ஃபோர்சைத் உடனே எழுத உட்காரவில்லை

ராயபுரம்

அன்புள்ள மகளுக்கு,

நீ போனில் சொன்னதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. விமானப்படை சர்வீஸ் முடிந்ததும் ஏர்லைன்ஸுக்குப் போகாமல், வீட்டில் உட்கார்ந்து த்ரில்லர் நாவல் எழுதப் போகிறாய். சரி, எழுது. ஆனால் "ஃபோர்சைத்தும் பைலட்தானே அப்பா" என்றாய் பார், அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

த்ரில்லர் நாவலுக்குப் பேர்போன ஆங்கில எழுத்தாளர் ஃபிரெடரிக் ஃபோர்சைத் 19 வயதில் வாம்பயர் ஜெட் ஓட்டியவர்தான். 1958இல் ராயல் ஏர்ஃபோர்ஸை விட்டதும் எங்கே போனார்? இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஒரு உள்ளூர்ப் பத்திரிகைக்கு. பிறகு ராய்ட்டர்ஸ் நிருபராகப் பாரிஸ். பிரெஞ்சு ஜனாதிபதி தெகாலைக் கொல்ல ஒரு கும்பல் அலைந்த நேரம் அது. அவர் கார் எப்போது கிளம்பும் என்று காத்துக் கிடந்த நிருபர்களில் இவரும் ஒருவர். அப்புறம் பிபிசி, அதோடு மனக்கசப்பு, நைஜீரியாவில் நடந்த பையாஃப்ரா போர். கையில் காசில்லாமல் லண்டன் திரும்பி, நண்பர் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு, 1970 ஜனவரியில் 35 நாளில் எழுதியதுதான் 'தி டே ஆஃப் தி ஜக்கால்', தெகாலைக் கொல்லக் கிளம்பும் ஒரு கூலிக் கொலைகாரனின் கதை. தெகால் உயிரோடு இருக்கிறாரே, இதில் என்ன சஸ்பென்ஸ் என்று பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1971இல்தான் அச்சேறியது.

மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே வாங்கிய பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஹார்பரில் நைட் ஷிப்டில் கப்பல் வரத் தாமதமானால் கிரேன் கேபினில் உட்கார்ந்து படிப்பேன். கொலைகாரன் காட்டில் ஒரு பழத்தைக் கட்டித் தொங்கவிட்டு, சுடுவான், டெலஸ்கோப் திருகைக் கொஞ்சம் திருப்புவான், மறுபடி சுடுவான். தெகால் சாகமாட்டார் என்று தெரிந்தும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பைலட்டாக இருந்ததால் வந்த எழுத்தா அது? செத்துப்போன குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வைத்துப் பாஸ்போர்ட் எடுக்கலாம் என்பதை ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவன்தான் எழுத முடியும்.

தான் ஓட்டிய வாம்பயரைக் கதையில் கொண்டுவர அவருக்கு 1975 ஆனது. வட கடல் மேலே மூடுபனியில் கருவிகள் செத்து, தனியாகத் தவிக்கும் பையன் கதை, 'தி ஷெப்பர்ட்'. சின்னப் புத்தகம்தான், ஆனால் மற்றதைவிட எனக்கு அதுதான் ஒரு படி மேலே. அதனால் உன் ஹெலிகாப்டர் கதை எங்கேயும் ஓடிவிடாது. முதலில் நாலு இடம் சுற்று, வேறு தொழில் செய்கிறவர்களோடு பழகு. உன்னை மாதிரி சில வருஷம் மட்டும் பார்க்கும் ஷார்ட் சர்வீஸுக்குப் பென்ஷனும் இல்லை, கண்ணு. அதையும் மனதில் வை.

இன்னொன்று. பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு வேலை செய்ததை ஃபோர்சைத் 2015இல்தான் வெளியே சொன்னார். நீயும் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று உன் மேலதிகாரிகளிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்.

அம்மா காசிமேட்டு நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள். கூரியர்காரன் வாசனை பிடித்துவிட்டு வாங்க மாட்டேன் என்கிறான். உன் பக்கம் யாராவது வந்தால் சொல், கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா