மூன்றாம் தவணை நிறைவு: தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களே, பேரப்பிள்ளைகளை அழைத்துவரும் தாத்தா பாட்டிகளே,

வணக்கம். மூன்றாம் தவணை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வழக்கமான ஆங்கிலக் கடிதம் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் உங்களுக்கு வந்திருக்கும். இது தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் நான் தனியாக எழுதுவது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் நல்ல செய்திகள். தேசிய தினக் கொண்டாட்டம் மழையில்லாமல் நடந்து முடிந்தது. பூப்பந்து அணி நன்றாக விளையாடியது. இந்திய நடனக் குழுவின் மேடை நிகழ்ச்சிக்கு நல்ல கைதட்டல். தொடக்கநிலை 6 மாணவர்கள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழித் தேர்வை முடித்துவிட்டார்கள். ஆசிரியர் தின வாழ்த்து அட்டைகளுக்கு நன்றி. என் பெயரைப் பிழையில்லாமல் எழுதிய அட்டை இந்த ஆண்டும் ஒன்றுகூட வரவில்லை. பரவாயில்லை, எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் இரண்டு பட்டியல்கள் சுற்றின. ஒன்று, சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளை வரிசைப்படுத்திய பட்டியல். அதில் நம் பள்ளி ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது என்று அலுவலகத்துக்கு அழைப்பு மேல் அழைப்பு. மற்றது நம் வீட்டுத் தயாரிப்பு. தொடக்கநிலை 6 முன்னோட்டத் தேர்வு மதிப்பெண்களைப் பெற்றோர்களிடம் கேட்டு வாங்கி, ஒரு எக்ஸெல் தாளில் மேலிருந்து கீழாக அடுக்கி, 'வகுப்பு ரேங்க்' என்று தலைப்பும் போட்டிருந்தார்கள்.

முதல் பட்டியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்வி அமைச்சு தொடக்கப்பள்ளிகளுக்கு எந்தத் தரவரிசையும் வெளியிடுவதில்லை. பள்ளிவாரியான பிஎஸ்எல்இ முடிவுகளும் வெளியே வருவதில்லை. பிறகு எதை வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள்? நான் பார்த்த பட்டியலின் அடியில், பொடி எழுத்தில், பதில் இருந்தது. தொடக்கநிலை 1 பதிவில், பள்ளியோடு முன்தொடர்பு இல்லாத பிள்ளைகளுக்கான 2சி கட்டத்தின்போது எத்தனை இடங்களுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்ற கணக்கு அது. பள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புது வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகள் வந்தால் விண்ணப்பம் கூடும், வட்டாரத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் குறையும். நம் வட்டாரத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். என் ஆசிரியர்கள் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

டெக்சஸிலிருந்து அண்மையில் இங்கு வந்த ஒரு தந்தை என்னிடம் நேராகவே கேட்டார்: "சார், அங்கே பள்ளிக்கு ஒரு எழுத்து, பள்ளிகளை நடத்தும் டிஸ்ட்ரிக்டுக்கு ஒரு எழுத்து, ஏயிலிருந்து எஃப் வரை. இணையத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே ஏன் இல்லை?" நியாயமான கேள்வி. அங்கே ஒரு டிஸ்ட்ரிக்ட் என்றால் தனி நிர்வாக வாரியம், தனிச் சொத்து வரி. வரி கட்டுகிறவர் கணக்குக் கேட்கத்தான் செய்வார். அந்த எழுத்தும் ஏனோதானோவென்று போடுவதல்ல. மாணவர்களின் தேர்ச்சி, அவர்கள் கண்ட முன்னேற்றம் என்ற இரண்டில் எது மேலோ அதற்கு 70 விழுக்காடு. வெவ்வேறு பின்னணியில் வரும் பிள்ளைகளுக்கு இடையிலான இடைவெளியைப் பள்ளி எவ்வளவு குறைத்தது என்பதற்கு 30 விழுக்காடு. அப்படியும் அளவுகோலை மாற்றியதை எதிர்த்து டிஸ்ட்ரிக்டுகளே வழக்குப் போட, 2023ஆம் ஆண்டுக்கான எழுத்துகள் 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தன. அதற்குள் அந்த ஆண்டில் ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை ஏழாம் வகுப்பை முடிக்கப்போகிறது. அந்த எழுத்தைப் பார்த்து வீடு வாங்கியவர் நிலை என்ன?

இங்கேயும் வரிசை இருந்ததுதான். 1992இலிருந்து உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். 2004இல் துல்லியமான இடத்தை விட்டுவிட்டுப் பள்ளிகளைக் குழுக்களாகப் பிரித்தார்கள். 2012இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அந்தத் தொண்ணூறுகளில் நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இளம் ஆசிரியன். பட்டியல் வரும் நாளில் ஆசிரியர் அறையில் செய்தித்தாளின் முதல் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். எங்கள் பள்ளி நான்கு இடம் கீழே போன ஆண்டில், ஆங்கில இலக்கியம் எடுக்க ஆசைப்பட்ட சில பிள்ளைகளிடம் "உனக்குப் புவியியல் நல்லது" என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு நல்லது என்றா சொன்னேன்? இலக்கியத்தில் ஏ1 வாங்குவது கடினம், பள்ளியின் சராசரி இறங்கும், அவ்வளவுதான். அவர்களில் ஒரு பெண்ணை இன்றும் சில சமயம் எம்ஆர்டி ரயிலில் பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்குத்தான் முகம் கொடுக்கச் சங்கடம்.

இப்போது இரண்டாவது பட்டியல்.

அதில் பெயர்கள் இல்லை, முதலெழுத்துகள்தான் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். நம் பள்ளியில் ஒரு வகுப்புக்கு நான்கைந்து தமிழ்ப் பிள்ளைகள். எல்லா வகுப்புகளிலிருந்தும் வந்து தமிழ்ப் பாடத்துக்கு ஒன்றாக உட்காருகிறார்கள். 'கே.வி., 6-சி' என்றால் யார் என்று கேன்டீன் அக்காவுக்கே தெரியும். பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே தாளில் கலந்துவிட்டு, எந்த வகுப்பின் ரேங்க் என்று சொல்வது? அறிக்கைப் புத்தகத்தில் வகுப்பு நிலை, வகுப்புகளுக்கிடையிலான நிலை எல்லாவற்றையும் 2019லேயே எடுத்தாகிவிட்டது. எடுத்ததை நாம் வாட்ஸ்அப்பில் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறோம்.

கணக்காகப் பார்த்தாலும் அந்தத் தாள் நிற்காது. 2021 முதல் பிஎஸ்எல்இ மதிப்பீட்டில் 85 முதல் 89 வரை ஏஎல் 2, அதாவது இரண்டாம் அடைவுநிலை. தாளில் 89 எடுத்த பிள்ளை மூன்றாவது, 85 எடுத்த பிள்ளை ஒன்பதாவது. தேர்வுச் சான்றிதழில் இருவருக்கும் ஒரே நிலைதான். 45 முதல் 64 வரை ஏஎல் 6. அந்த இருபது மதிப்பெண்ணுக்குள்தான் நீங்கள் பிள்ளைகளை ஏணி வைத்து ஏற்றி இறக்கியிருக்கிறீர்கள். பழைய டி-ஸ்கோர் காலத்தில் மற்ற பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் பிள்ளையின் எண் மாறும். அந்தக் காலம் 2020ஆம் ஆண்டுத் தேர்வோடு முடிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை எடுத்தாலும் உங்கள் பிள்ளையின் ஏஎல் அசையாது.

வழக்கத்தைவிட எளிதான அடிப்படைநிலைப் பாடம் எடுக்கும் பிள்ளைகளை அந்தத் தாளின் கடைசியில் சாம்பல் நிறத்தில் போட்டிருந்தார்கள். கெட்ட எண்ணம் இருந்திருக்காது, தனியாகத் தெரியட்டும் என்று செய்திருப்பார்கள். சென்ற வாரம் இடைவேளையில் மீ (நூடுல்ஸ்) கடை வரிசையில் நான் காப்பிக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பையன்கள். ஒருவன் மற்றவனிடம், "நீ க்ரே கலர்தானே?" என்றான். கிண்டலாகக்கூட இல்லை, டீ-ஷர்ட் அளவு கேட்பதுபோலக் கேட்டான். மற்றவன் பதில் சொல்லவில்லை. காசைக் கல்லாவில் வைத்துவிட்டு அப்படியே நின்றான். கிண்ணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி அந்த ஆண்டி இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

அதனால் இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். நான்காம் தவணை தொடங்குவதற்குள் அந்தத் தாள் எல்லார் கைபேசியிலிருந்தும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். வேறொரு பிள்ளையின் விடைத்தாளைப் படமெடுப்பதும், உங்கள் பிள்ளை மூலமாக மற்ற பிள்ளைகளின் மதிப்பெண்ணை விசாரிப்பதும் இனி கூடாது. மீண்டும் இப்படி ஒன்று என் கண்ணில் பட்டால் குறுஞ்செய்தி அனுப்ப மாட்டேன். சம்பந்தப்பட்டவர்களை என் அறைக்கு நேரில் அழைப்பேன். அந்தச் சந்திப்பு உங்களுக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. துணைப்பாடத்துக்குச் செலவழிக்கிறீர்கள், இரவு ஷிப்ட் முடித்து வந்து பிள்ளையோடு உட்காருகிறீர்கள், என் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பது தவறில்லை. அதற்கு வகுப்பாசிரியர் இருக்கிறார், தமிழாசிரியர் இருக்கிறார், நான் இருக்கிறேன். எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் சறுக்குகிறது, எது சரியாகிக்கொண்டு வருகிறது என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம். செவ்வாய், வியாழன் மாலைகளில் என் அறை திறந்திருக்கும். முன்பதிவு வேண்டாம், அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்தத் தாளைத் தொடங்கிய தாயார் நேற்று அவராகவே என்னை அழைத்துப் பேசினார். சேர்ந்து படிக்கப் பிள்ளைகளைக் குழுவாகப் பிரிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தாராம், பிறகு அது கைமீறிப் போய்விட்டது. சொல்ல மனம் வேண்டும். அவருக்கு என் நன்றி. சேர்ந்து படிக்கும் யோசனை நல்லதுதான். விடுமுறை முடிந்ததும் பள்ளி நூலகத்தை வாரம் இரண்டு மாலை திறந்துவைக்கத் தமிழாசிரியர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடிப்படைநிலையோ உயர்தமிழோ, எல்லாப் பிள்ளைகளும் வரலாம். சேர்ந்து உட்கார்ந்து உதவ முன்வந்திருக்கும் மூன்று அப்பாக்களுக்கும், வடை கொண்டுவருவதாகச் சொன்ன பாட்டிக்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிடுகிறேன்.

பள்ளி திறந்ததும் தொடக்கநிலை 6க்குக் கேட்டல் கருத்தறிதல் தேர்வு, அடுத்து எழுத்துத் தேர்வுகள். விடுமுறை ஒரே வாரம்தான். பிள்ளைகளைக் கொஞ்சம் தூங்க விடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: அலுவலகத்தில் பெயர் எழுதாத தண்ணீர்ப் போத்தல்கள் பெட்டி நிறையக் கிடக்கின்றன. பாதி நீல நிறம். தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.