கடல் இல்லாத ஊரில் டைவ் வாட்ச்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் 43 வருடமாக வாட்ச் ரிப்பேர் பார்க்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. 17 வயதில் ஐகிளாஸை (கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடி) மாட்டிக்கொண்டு அந்த மேஜையில் உட்கார்ந்தவன், இன்றைக்கும் அதே மேஜையில்தான் இருக்கிறேன். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ரோலக்ஸ் கம்பெனியின் டைவ் வாட்ச்சான, அதாவது தண்ணீருக்கு அடியில் முக்குளிப்பவர்களுக்காகச் செய்த வாட்ச்சான சப்மரைனரில் அடுத்து என்ன புது மாடல் வரலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்குக் காலை பத்து மணிக்குள் மூன்று பேர் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்கள்.

கட்டுரையில் விலை இருந்தது. வாங்கி வைத்தால் எவ்வளவுக்கு விற்கலாம் என்று இருந்தது. யார் யார் கையில் கட்டியிருக்கிறார்கள் என்றும் இருந்தது. ஆனால் அந்த வாட்ச் என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி இல்லை. கடலையே பார்க்காத ஊர்க்காரர்கள் டைவ் வாட்ச் கட்டுவது அந்தஸ்துக்காகத்தான் என்கிற மாதிரி ஓரிடத்தில் எழுதியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

காங்கேயம் பக்கத்து விவசாயி ஒருவர் என்னுடைய பழைய வாடிக்கையாளர். 1978-இல் குவைத்தில் வெல்டராக இருந்தபோது ஒரு சப்மரைனர் வாங்கினார். அதில் தேதி காட்டுகிற வசதி கிடையாது, 5513 என்று மாடல் நம்பர். அந்த மாடலை 1962 முதல் 1989 வரை செய்தார்கள். ஊர் திரும்பி எத்தனையோ வருடமாகிவிட்டது, இன்னும் அவர் கையில் அதுதான். தோட்டத்துக் கிணறு 60 அடி. மோட்டார் ஸ்விட்சைப் போட்டதும் அவர் செய்கிற முதல் வேலை, கண்ணாடியைச் சுற்றி இருக்கிற வளையத்தைத் திருப்பி, அதிலுள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக நிறுத்துவது. மஞ்சளுக்கு ஒரு வரிசைக்கு 25 நிமிடம், வாழைக்கு 40 நிமிடம் என்று கணக்கு வைத்திருக்கிறார். மும்முனைக் கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் எல்லாவற்றுக்கும் பாய்ச்சி முடித்தாக வேண்டும். சேற்றுக் கையோடு செல்போனைத் தொட முடியாது. வாட்ச்சைப் பார்த்தால், முக்கோணத்திலிருந்து முள் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறதோ அதுதான் ஓடிய நேரம். மோட்டார் குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வில் சகதி அடைத்துக்கொண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்குவார். வாட்ச்சைக் கழற்றி வைப்பதெல்லாம் கிடையாது.

அந்தப் பழைய மாடலில் வளையம் இரண்டு பக்கமும் திரும்பும். ஒரு தடவை மண்வெட்டிக் காம்பு பட்டு முக்கோணம் முள்ளை நோக்கி நகர்ந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்து மோட்டாரை ஓட விட்டதில் மஞ்சள் காட்டில் தண்ணீர் தேங்கிவிட்டது. கடலுக்கு அடியில் முதுகில் சிலிண்டரோடு இருப்பவருக்கு இப்படி நடந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் இப்போது வருகிற டைவ் வாட்ச்சில் வளையம் ஒரு பக்கம் மட்டும், இடப்பக்கமாக மட்டும்தான் திரும்பும். சப்மரைனரில் ஒரு சுற்றுக்கு 120 ‘டிக்’. எதிலாவது இடித்து நகர்ந்தாலும் ஓடிய நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. உள்ளே இருப்பவர் சீக்கிரமே மேலே வந்துவிடுவார், அவ்வளவுதான். இப்படி ஒன்றை யோசித்துச் செய்த மனிதனை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

1994-இல் அந்த 5513-ஐ முதல் தடவையாக என்னிடம் கொண்டுவந்தார். அதன் பேக் கவரின் ஓரத்தில் நாணயத்தின் விளிம்பு போல வரிவரியாகப் பல் வெட்டியிருக்கும். சாதாரணக் கருவி வைத்துத் திறந்தால் வழுக்கிக் கீறிவிடும். கோவையில் ஒரு லேத் பட்டறையில் அளவு கொடுத்துப் பித்தளையில் அச்சு கடைந்து வாங்கி வந்து, அதற்கப்புறம்தான் திறந்தேன். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் தட்டையாகி, காய்ந்து, நகம் பட்டால் உடைகிற நிலையில் இருந்தது. ஆனாலும் மெஷினில் ஈரம் பட்ட அடையாளம் ஒரு புள்ளிகூட இல்லை. 16 வருடம் கிணற்றுத் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், வியர்வை எல்லாம் பார்த்த வாட்ச். ஐகிளாஸைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டைவ் வாட்ச் பிறந்ததே வேலைக்காகத்தான். 1953-இல் பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்குப் பயன்படுகிற மாதிரி பிளாங்க்பெய்ன் கம்பெனி ஃபிஃப்டி ஃபேதம்ஸ் என்கிற வாட்ச்சைச் செய்தது. ஃபேதம் என்பது 6 அடி. 50 ஃபேதம் என்றால் 300 அடி, சுமார் 91 மீட்டர். அதே காலத்தில் 100 மீட்டர் தாங்கும் என்று சப்மரைனர் வந்தது. பிறகு அது 200 ஆகி, இப்போது 300 மீட்டர். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு காற்றழுத்தம் கூடும் என்பது கணக்கு. அப்படியானால் 300 மீட்டரில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். டைவ் வாட்ச்சுக்கென்று உலக அளவில் ஒரு தரம் இருக்கிறது, ஐஎஸ்ஓ 6425. எழுதியிருக்கிற ஆழத்துக்கு மேல் 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும், கும்மிருட்டில் 25 செ.மீ. தூரத்திலிருந்து மணி தெரிய வேண்டும் என்று அதில் விதி. நடுப்பகலில்கூட எங்கள் ஊர்க் கிணற்றின் அடியில் கை தெரியாது. டார்ச் இல்லாமல் இறங்கினால் அங்கே முள்ளில் இருக்கிற வெளிச்சம் மட்டும்தான் துணை.

சரி, புது மாடலுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு நான்கைந்து பேர் வருவார்கள். டீ வாங்கி வைத்துக்கொண்டு இதே பேச்சுதான். திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். “ஏனுங்கண்ணா, ஸ்டீல்ல நீலம் எப்பத்தான் விடுவாங்க?” என்று வாராவாரம் கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான். சப்மரைனரில் நீலம் வேண்டுமென்றால் தங்கம் கலந்ததை அல்லது முழுத் தங்கத்தை வாங்க வேண்டும். வெறும் ஸ்டீலில் கறுப்பும், பச்சை வளையமும்தான். 50-வது வருடத்துக்கு 2003-இல் பச்சை வளையம் விட்டார்கள். 2010-இல் டயலும் வளையமும் இரண்டுமே பச்சை. 2020-இல் மறுபடியும் கறுப்பு டயலுக்குப் பச்சை வளையம். 70 நிறையும் 2023-இல் ஏதாவது வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். சப்மரைனரில் ஒன்றும் வரவில்லை. இப்போது எல்லோருடைய கண்ணும் 2028 மேல் இருக்கிறது. 75-வது வருடம் ஆயிற்றே.

கோவையிலிருந்து வருகிற டாக்டர் ஒருவருக்கு டைட்டானியம்தான் ஆசை. 2022-இல் 11,000 மீட்டர் தாங்கும் டீப்ஸீ சேலஞ்சை ரோலக்ஸ் டைட்டானியத்தில் செய்தது. அதன் அகலம் 50 மி.மீ., கையில் கட்டினால் தட்டு மாதிரி இருக்கும். அடுத்த வருடம் யாட்மாஸ்டர் என்கிற இன்னொரு மாடலை அதே டைட்டானியத்தில் 42 மி.மீ. அளவில் கொண்டுவந்தது. அதனால் டாக்டர் ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆபரேஷன் தியேட்டரில் நாளெல்லாம் நிற்பவருக்குக் கை கனக்காமல் இருந்தால் நல்லதுதானே.

எனக்கு நிறத்தைப் பற்றிப் பெரிய அக்கறை இல்லை. அளவைப் பற்றி உண்டு. எத்தனையோ வருடமாக 40 மி.மீ.யாக இருந்ததை 2020-இல் 41 ஆக்கினார்கள். ஒரு மில்லிமீட்டர்தானே என்பார்கள். ஆனால் செயின் மாட்டுகிற இடைவெளியும் 20 மி.மீ.யிலிருந்து 21 ஆகிவிட்டது. பழைய செயின், பழைய ஸ்ட்ராப் எதுவும் இதில் உட்காராது. அந்த வருடம் வைத்த மெஷின் அருமையானது, 70 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழற்றி வைத்துத் திங்கட்கிழமை காலையில் எடுத்தால் நேரம் சரியாக இருக்கும். அந்த மெஷினை அப்படியே வைத்து, கேஸை, அதாவது மெஷினை மூடியிருக்கிற கூட்டை மட்டும் 40-க்குள் கொண்டுவந்தால் எங்கள் பக்கத்து ஒல்லி மணிக்கட்டுக்கு அளவாக இருக்கும். தேதி இல்லாத மாடலை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புது வாட்ச்சின் முள்ளுக்கும் புள்ளிகளுக்கும் பழசு போலத் தெரிய மஞ்சள் சாயம் கொடுப்பது இப்போது பல கம்பெனிகளில் நடக்கிறது. சப்மரைனருக்கும் அது வர வேண்டும் என்று இளவட்டங்கள் ஆசைப்படுகிறார்கள். காங்கேயத்துக்காரரின் வாட்ச்சில் புள்ளிகள் உருக்கின நெய் நிறத்தில் இருக்கின்றன. அவ்வளவு அழகு. ஆனால் அது டிரிட்டியம் என்கிற கதிரியக்கப் பொருளால் ஒளிர்ந்த பூச்சு. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகிவிடும். இன்றைக்கு இருட்டில் அது துளிகூட ஒளிராது, கிணற்றடியில் அவர் டார்ச்தான் கொண்டுபோகிறார். அந்த நிறம் அவருடைய உழைப்பில் வந்தது. கடையிலேயே பூசி வாங்க வேண்டாம் என்பேன். இப்போது ரோலக்ஸ் போடுகிற நீல வெளிச்சம் ராத்திரி முழுக்க நிற்கிறது, அதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

என்னைக் கேட்டால், அடுத்த சப்மரைனரில் செய்ய வேண்டிய மாற்றம் கிரவுனில் இருக்கிறது. சாவி கொடுப்பதற்கும் நேரம் வைப்பதற்கும் பக்கத்தில் இருக்கிற அந்தத் திருகைச் சொல்கிறேன். சப்மரைனர் கிரவுனில் கிரீடச் சின்னத்துக்குக் கீழே மூன்று புள்ளி இருக்கும், பார்த்திருப்பீர்கள். தண்ணீர் உள்ளே போகாமல் மூன்று அடுக்குத் தடுப்பு என்பதற்கு அடையாளம் அது. ஆனால் அதை முழுக்கத் திருகி மூடினால்தான் அத்தனை அடுக்கும் முழுதாக வேலை செய்யும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்லூரி முடித்த ஒரு பையன் வந்தான். வேறொரு கம்பெனி டைவ் வாட்ச், அவன் அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்தது. காலையில் நேரம் சரிசெய்துவிட்டுக் கிரவுனை உள்ளே அமுக்கியிருக்கிறான், திருகவில்லை. சாயங்காலம் கீழ்பவானி வாய்க்காலில் பாலத்து மேலிருந்து குதித்திருக்கிறான். கண்ணாடிக்குள் ஆவி பிடித்துக்கொண்டது. “அரிசி டப்பாவுக்குள்ள மூணு நாள் வெச்சிருந்தேனுங்கண்ணா, சரியாப் போயிரும்னாங்க” என்றான். திறந்து பார்த்தேன். டயலில் வார்னிஷ் கொப்பளம் கொப்பளமாக எழும்பியிருந்தது. சாவிக் கம்பியில் செம்மண் நிறத்தில் துரு, அதை ஒட்டிய சின்னச் சக்கரத்தில் பல் இடுக்கெல்லாம் துரு. முதல் நாளே கொண்டுவந்திருந்தால் கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டியிருப்பேன். அந்தப் பையன் கண் கலங்கி நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அரிசி ஈரத்தை வெளியிலிருந்துதான் இழுக்கும், மூடின கேஸுக்குள் போகாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் என்னுடைய ஆசை இதுதான். கிரவுனின் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு போட வேண்டும். முழுக்கத் திருகினால் மறைய வேண்டும், கொஞ்சம் திறந்திருந்தாலும் கண்ணில் பட வேண்டும். நீலத்தை விட, டைட்டானியத்தை விட இது பெரிய காரியம் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன். டாக்டர் உடனே ஒத்துக்கொண்டார். திருப்பூர்த் தம்பிக்கு மட்டும் இன்னும் நீலமும் வேண்டுமாம்.

விலையைப் பற்றி உங்கள் கட்டுரை நிறையச் சொல்லிவிட்டது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா போட்ட ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, சுவிஸ் வாட்ச்சுக்கான இறக்குமதி வரி படிப்படியாகக் குறையும். நல்ல விஷயம். கூடவே உதிரி பாகமும் வந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. சுவிஸ் கம்பெனிகள் பலவும் தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரைத் தாண்டி வெளியே ஒரு வாஷரைக்கூடக் கொடுப்பதில்லை. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை 2016-இல் மூட முடிவு செய்தார்கள், ஆனாலும் ஜனதா மாடலுக்கு என் டிராயரில் இன்றைக்கும் பேலன்ஸ் வீல் இருக்கிறது. லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிற வாட்ச்சுக்கு ஒரு ரப்பர் வளையம் மாற்ற, ஊர் விட்டு ஊர் அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. புது மாடல் எதிர்பார்க்கிறவர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்த முறை புது மாடல் வெளியாகும்போது தங்கள் நாளிதழ் அதைப் பற்றி எழுதினால், வளையம் எப்படித் திரும்புகிறது, கிரவுன் எப்படி மூடுகிறது, இருட்டில் எவ்வளவு நேரம் தெரிகிறது என்று நான்கு வரியாவது சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். காங்கேயத்துக்காரர் வருகிற ஞாயிற்றுக்கிழமை வாஷர் மாற்ற வருகிறார். நிருபரை அனுப்பி வைத்தால் அவர் சம்மதத்தோடு அந்த 5513-ஐத் திறந்து காட்டுகிறேன். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
வாட்ச் ரிப்பேர் கடைக்காரர்,
ஈரோடு