வண்டி நிமிர்ந்து நிற்கிறது, சுமை தெரியவில்லை

மின்சார லொறிகளையும் பிக்கப் வண்டிகளையும் இலங்கைக்குக் கொண்டுவந்து விற்கும் நிறுவனத்தார் அனைவருக்கும்,

வணக்கம். நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள கந்தப்பளையிலிருந்து எழுதுகிறேன். இருபத்தாறு வருடங்களாக இந்த மலையிலிருந்து மரக்கறி இறக்கிக்கொண்டிருக்கிறேன். முதலில் புறக்கோட்டை மெனிங் சந்தைக்கு, சந்தை பேலியகொடைக்கு மாறிய பிறகு அங்கே, இடையிடையே தம்புள்ளைக்கு. டீசல் லொறியில்தான் தலை நரைத்தது. 2022 இல் எரிபொருள் வரிசையில் மூன்று இரவு வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்த என் முதலாளி, வாகன இறக்குமதி மறுபடி திறந்ததும் உங்களைப் போன்ற ஒருவரிடம் மின்சார பிக்கப் ஒன்றுக்குப் பணம் கட்டினார். அதன் சாவி இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.

வண்டியை நான் குறை சொல்லவில்லை. நல்ல வண்டி. ஏற்றத்தில் அது இழுக்கும் இழுவையைப் பார்த்தால் என் பழைய லொறி வெட்கப்படும். எனக்குள்ள மனத்தாங்கல் உங்களிடம்தான்.

வண்டியைக் கொண்டுவந்து ஒப்படைத்த தம்பி, திரையில் ஒரு குறியைத் தொட்டுக் காட்டினார். வண்டி நான்கு சில்லிலும் மெல்ல எழும்பியது. “இனிமேல் எந்தத் தோட்டத்து வீதியும் உங்களுக்குத் தார் வீதிதான் அண்ணன்” என்றார். கூடி நின்றவர்கள் கை தட்டினார்கள். பாடம் அதோடு முடிந்தது. பத்து நிமிடம் இருக்கும்.

ஏர் சஸ்பென்ஷன் என்று நீங்கள் சொல்வதை நான் துருத்தி என்கிறேன். எங்கள் பெரியப்பா தோட்டத்துப் பட்டறையில் கவ்வாத்துக் கத்தி அடித்தவர். அவருடைய துருத்தியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில், சில்லுக்கு ஒன்றாக ரப்பர் துருத்தி. கொம்பிரசர் காற்றை அடைத்தால் வண்டி எழும்பும், வால்வு திறந்து காற்றை விட்டால் அமரும். மூலைக்கு மூலை உயரம் பார்க்கும் சென்சர் ஒன்று உண்டு. இவற்றையெல்லாம் கணினி ஆள்கிறது.

எங்கள் வீதிகளுக்கு இது வேண்டாத ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். மின்சார வண்டியின் மின்கலம் அடிவயிற்றில் இருக்கிறது. டீசல் வண்டியில் எண்ணெய்த் தொட்டி கல்லில் பட்டால் ஒட்டுப்போட்டுக்கொண்டு வீடு வந்துவிடலாம். மின்கலத்தில் பட்டால் முதலாளி காணியைத்தான் விற்க வேண்டும். தோட்டத்து வீதிகள் முன்பே கல்லும் குறுக்குக் கானுமாகக் கிடந்தவை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்துபோன பிறகு சில இடங்களில் வீதி எது, ஓடை எது என்றே புரியாமல் போனது. அமெரிக்காவில் விற்கும் ரிவியன் என்ற மின்சார பிக்கப், முழு உயரத்தில் தரையிலிருந்து 15 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக எழும்பி நிற்குமாம். மின்சார ஹம்மர் தேவைப்பட்டால் ஏறக்குறைய 6 அங்குலம் கூடுதலாகத் தூக்கிக்கொள்ளுமாம். எங்களிடம் இருப்பது அவ்வளவு எழும்பாது. எழும்புகிற அளவே எங்களுக்குப் போதும்.

தூக்குவதற்குப் பயிற்சி எதற்கு? குறியைத் தொட்டால் சின்னப்பிள்ளைக்கும் தூக்கும். நீங்கள் சொல்லித் தராமல் விட்டது வேறு.

பழைய லொறியில் சுமையை நாங்கள் கண்ணால் நிறுப்போம். மூட்டை ஏற ஏற வளைந்த பட்டைகள் நிமிர்ந்துகொண்டு வரும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்ப்போம். நான்கு விரல் என்றால் தாராளம். இரண்டு விரல் என்றால் “போதும், கயிற்றைப் போடு” என்போம். தராசே இல்லாத ஊரில் இந்த விரல் கணக்கு ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை.

புது வண்டியில் அந்தக் கணக்கு செத்துப்போனது. மூட்டை விழுந்ததும் பின்பக்கம் ஓர் அங்குலம் அமரும். அப்புறம் கொம்பிரசர் லேசாக முனகும். வண்டி பழையபடி நிமிர்ந்து நிற்கும். இருபது மூட்டை ஏற்றிய பிறகும் வெறும் வண்டி போல நின்றது. “இன்னும் நாலு போடலாமே” என்றார் முதலாளியின் மகன். நானும் சுற்றி வந்து பார்த்தேன். தாழவில்லை, சாயவில்லை. ஏற்றிவிட்டோம். எல்லாம் கழுவிய கரட். கழுவிய கரட் மூட்டை தண்ணீர் குடித்து எவ்வளவு கனக்கும் என்பது சுமந்த தோளுக்குத்தான் தெரியும்.

அன்று இன்னொரு பிழையும் சேர்ந்துகொண்டது, அது என் பிழை. இரவு முழுக்க சார்ஜில் போட்டு மின்கலத்தை நிரப்பி வைத்திருந்தேன். இறக்கத்தில் மோட்டார்தான் பிரேக் பிடித்து, அந்த விசையை மின்சாரமாக்கி மின்கலத்துக்குள் தள்ளுகிறது. மின்கலம் நிறைந்திருந்தால் வாங்கி வைக்க இடம் இருக்காது, மோட்டாரின் பிடியும் தளர்ந்துவிடும். மலையிலிருந்து இறங்கப்போகிறவன் மின்கலத்தில் இடம் விட்டுத்தான் புறப்பட வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன்.

1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவைத் தாண்டி லபுக்கலை வளைவுகளில் இறங்கும்போதே பிரேக் மிதியில் வித்தியாசம் தெரிந்தது. ரம்பொடை வருவதற்குள் வாடை வந்துவிட்டது. அனுமார் கோயிலுக்குக் கீழே ஓரங்கட்டினேன். முன் சில்லு இரண்டிலும் புகை. நாற்பது நிமிடம் ஆற வைத்து, பத்து மூட்டையைத் தெரிந்த கடையில் இறக்கிவைத்துவிட்டுத்தான் புறப்பட்டேன். 2025 மே மாதம் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட கெரண்டி எல்லயும் இந்த வீதியில்தான் இருக்கிறது. அந்த இடத்தைக் கடக்கும்போது எங்களில் யாரும் பேசுவதில்லை. அன்று நான் மூச்சுகூட விட்டேனா என்று நினைவில்லை.

தம்புள்ளையில் அந்தப் பதினான்கு மூட்டையை நிறுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏற்றிய இருபத்துநான்கும் சேர்ந்து 1,400 கிலோவுக்கு மேல் வந்தது. வண்டி தாங்கக்கூடியது ஒரு தொன்னுக்கும் குறைவு. கைநூலில் இருந்திருக்கிறது. எத்தனையாவது பக்கத்தில் என்று கேட்காதீர்கள்.

இதில் எனக்கு ஆத்திரமூட்டுவது என்னவென்றால், வண்டிக்குச் சுமை தெரியும். தெரியாமலா அது தன்னை நிமிர்த்திக்கொள்கிறது? சுமை ஏறினால் துருத்திக்குள் காற்றழுத்தம் ஏறும். அழுத்தத்தை அளந்தால் அச்சில் எவ்வளவு பாரம் என்று சொல்லிவிடலாம். காற்றுத் துருத்தி வைத்த பெரிய லொறிகளில் இந்த வழியில்தான் அச்சுப் பாரத்தைச் சாரதிக்குக் காட்டுகிறார்கள். உங்கள் பிக்கப்பின் திரையில் பாட்டு மாற்ற இடம் இருக்கிறது, இருக்கையைச் சூடாக்க இடம் இருக்கிறது, வண்டியின் படத்தை மேலும் கீழும் ஆட்டிக்காட்ட இடம் இருக்கிறது. ஏற்றியிருப்பது எத்தனை கிலோ என்று ஒரு வரி எழுத இடமில்லையா? மென்பொருளை மாற்றி அனுப்ப முடிந்தால் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். முடியாதென்றால் பின் கதவின் உட்புறத்தில், மூட்டை ஏற்றுகிறவன் கண்ணில் படும்படி, இத்தனை கிலோவுக்கு மேல் ஏற்றாதே என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தகடு அடித்து விடுங்கள். தகட்டுக்கு என்ன செலவாகிவிடப் போகிறது?

மற்றவை சிறிய விடயங்கள், ஆனாலும் யாரோ ஒருவருடைய கை போகக்கூடிய விடயங்கள். தலவாக்கலையில் டயர் பஞ்சராகி ஜாக்கி வைத்தோம். ஒரு மூலை எழும்பியதும், அந்த மூலை தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டதென்று நினைத்த கணினி, துருத்தியிலிருந்து காற்றை விடத் தொடங்கியது. உள்ளே கை நீட்டியிருந்த உதவியாள் பையன் சட்டென்று இழுத்துக்கொண்டான். ஜாக்கி வைக்குமுன் திரையில் அதற்கென்று உள்ள நிலையைத் தெரிவு செய்து, துருத்தி அசையாமல் பூட்டிவிட வேண்டுமாம். எனக்குத் தெரியாது. பஞ்சர் கடைக்காரருக்கும் தெரியாது.

இன்னொரு நாள் வீட்டு வாசலில் மண் கட்டை ஒட்டி நிறுத்தி, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுச் சாமான் இறக்கினேன். பாரம் குறைந்ததும் எழும்பிய வண்டி, பிறகு தன்னைச் சமன்படுத்திக்கொண்டு மெல்ல அமர, கதவு கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டது. மண்வெட்டி எடுத்துவந்து கட்டை வெட்டித்தான் கதவை மூட முடிந்தது. என் மனைவி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

வேகம் கூடினால் வண்டி தானாகவே இறங்கிவிடுகிறது. காரணம் நியாயமானது: உயர்ந்து நிற்கும் வண்டி வளைவில் அதிகம் சாயும், காற்றை அதிகம் எதிர்க்கும், மின்சாரமும் கூடச் செலவாகும். ஆனால் எங்கள் வீதி ஒரே குணத்தில் இருப்பதில்லை. இருநூறு அடி கொங்கிரீட், அடுத்த வளைவில் கற்குவியல். நல்ல துண்டில் கொஞ்சம் வேகம் பிடித்தேன், வண்டி சத்தமில்லாமல் இறங்கிவிட்டது, நான் இன்னும் உயரத்தில் இருப்பதாகவே நினைத்துக் கல்லில் ஏற்றினேன். அடித்தகட்டில் விழுந்த கீறல் அப்படியே இருக்கிறது. இறங்கும்போது ஒரு மணி அடித்திருந்தால் போதும்.

பனிமூட்டத்தில் உயர்த்தி ஓட்டினால் விளக்கும் உயர்ந்து எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும் என்பதும், நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 80 வீதம்தான் என்பதால் கொம்பிரசர் கூடுதல் நேரம் உழைக்கும், பத்துத் தடவை தூக்கி இறக்கி விளையாடினால் சூடேறி நின்றுவிடும் என்பதும் போகப் போகத் தெரிந்துகொண்டவை. ஜனவரிக் குளிரில் துருத்திக் காற்று சுருங்கி, விடியற்காலையில் வண்டி சற்றுத் தாழ்ந்து நிற்கும். கசிவு என்று பயந்து கராஜுக்கு ஓடினேன். ஓடியிருக்க வேண்டியதில்லை.

இவை பெரும்பாலும் கைநூலில் இருக்கின்றன என்பீர்கள். இருக்கின்றன. கைநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகள், தன் பாடத்தை மூடிவைத்துவிட்டு இரவில் இரண்டு பக்கம் வாசித்துச் சொல்கிறாள். இத்தனை இலட்சம் வாங்கிக்கொண்டு விற்ற வண்டிக்கு ஓட்டுநர் பயிற்சி கொடுப்பது அந்தப் பிள்ளையின் வேலையா? முழு நூலையும் மொழிபெயர்க்கக் கேட்கவில்லை. சுமை, உயரம், ஜாக்கி, இறக்கம் ஆகிய நான்கையும் பற்றி எட்டுப் பக்கம் தமிழில் அச்சடித்து, வண்டியோடு ஒன்றும் எங்கள் பக்கத்துக் கராஜுகளுக்கு ஒன்றுமாகக் கொடுங்கள்.

அதற்கு முன், வண்டியின் உள்விடயம் தெரிந்த ஒருவரைக் கந்தப்பளைக்கு அனுப்புங்கள். விற்பனைத் தம்பி வேண்டாம், அவரை நாங்கள் பார்த்தாயிற்று. மாலை நான்கு மணிக்கு மூட்டை ஏற்றத் தொடங்குவோம். அவர் எங்களோடு நின்று ஏற்றட்டும், ரம்பொடை வரை என் பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும். பழைய தராசு ஒன்றை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மரக்கறி வண்டிச் சாரதி ஒருவன்,
கந்தப்பளை