எதிர்வரிசையில் ஒரு தலைவர்

அன்புள்ள சண்முகம்,

உன் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். படிக்க மருத்துவர் அனுமதித்துவிட்டதாக எழுதியிருந்தாய். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

அவையில் குறைந்த இடங்களே உள்ள சிறுபான்மைக் கட்சியின் தலைவரால் எதிர்ப்பதைத் தவிர என்ன செய்ய முடியும் என்று கேட்டிருந்தாய். எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் எவரெட் டர்க்சன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பீக்கினில் 1896-இல் பிறந்த அவர், கண்நோயால் நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபையை விட்டு விலகியவர். பார்வை தேறியபின் 1950 தேர்தலில், மேலவையான செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரான ஸ்காட் லூக்காஸையே தோற்கடித்துத் திரும்பினார். 1959 முதல் 1969-இல் இறக்கும்வரை செனட்டில் குடியரசுக் கட்சிக்குத் தலைமை வகித்தார். மத்திய அரசின் கை நீளக் கூடாது என்பதில் உறுதியான பழமைவாதி.

1964-இல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமை மசோதாவைத் தென்மாநில ஜனநாயகக் கட்சியினர் வாரக்கணக்கில் பேசியே முடக்கி வைத்திருந்தனர். விவாதத்தை முடித்துவைக்க 67 வாக்குகள் வேண்டும். ஜனநாயகக் கட்சிக்கு அத்தனை உறுப்பினர்கள் இருந்தும், தடுத்தவர்களே அக்கட்சியினர் என்பதால் டர்க்சன் இன்றி வழியில்லை. வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் மசோதாவைக் கவிழ்க்காமல், மசோதாவை செனட்டில் முன்னின்று நடத்திய ஜனநாயகக் கட்சியின் ஹம்ஃப்ரியோடும் அரசின் நீதி அமைச்சக அதிகாரிகளோடும் தம் அறையில் அமர்ந்து, சொல் சொல்லாகத் திருத்தினார். சொந்தச் சட்டமுள்ள மாநிலங்களில் புகார் முதலில் அம்மாநிலத்திடமே செல்ல வேண்டும் என்பது அவர் கேட்டுப் பெற்றவற்றுள் ஒன்று.

ஜூன் 10 அன்று, காலம் கனிந்த கருத்தைத் தடுக்க இயலாது என்ற விக்டர் ஹ்யூகோவின் எண்ணத்தை எடுத்துச் சொல்லி அவர் ஆதரவு கோரினார். மூளைக் கட்டியால் பேச்சிழந்த செனட் உறுப்பினர் கிளேர் எங்கில் சக்கர நாற்காலியில் கொண்டுவரப்பட்டு, தம் கண்ணைத் தொட்டுக் காட்டி ஆதரவு வாக்களித்தார். விவாதத்தை முடிக்க 71 பேர் ஆதரவு, 29 பேர் எதிர்ப்பு. குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் டர்க்சனுடன் நின்றனர். அடுத்த மாதம் அக்கட்சியின் அதிபர் வேட்பாளராகவிருந்த கோல்ட்வாட்டரோ எதிர்த்து வாக்களித்தார்.

அந்தத் திருத்தங்கள் சட்டத்தின் பல்லைச் சற்று மழுக்கின என்பதே என் கருத்து. அச்சட்டத்தால் அமைந்த வேலைவாய்ப்பு ஆணையம் தானே வழக்குத் தொடர 1972 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆயினும் சட்டமே இல்லாமல் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதாவை 1966-இல் எதிர்த்த அவரே, 1968-இல் சமரச வடிவத்தை ஆதரித்தார். கொள்கை மாறியதா, காலம் மாற்றியதா? உன் எண்ணத்தை எழுது.

அன்புடன்,
இராமநாதன்