பெயர் வேண்டாம் என்ற அம்மாவுக்கு

இந்த மே மாதம் எங்கள் சபையில் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) பத்து நாளும் நல்லபடியாக முடிந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அப்புறம், உங்களுக்கு நன்றி அம்மா. பெயர் போடக் கூடாது என்றீர்கள். சரி, போடவில்லை.

இரண்டாம் நாளே நான்கு வாலன்டியர்கள் வரவில்லை. பிரைமரி வகுப்பில் 38 பிள்ளைகள், ஒரே டீச்சர். கல்லூரி முதல் வருடம் படிக்கிற தங்கை அவள். தொண்டை கட்டி, வெஸ்ட்ரி (ஆலயத்தின் பக்கத்து அறை) வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நீங்கள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சுக்கு காபியை ஆற்றிக் கையில் கொடுத்து, "பாட்டை நான் பாத்துக்கறேன், நீ கதையை மட்டும் சொல்லும்மா" என்றீர்கள். மறுநாள், தாவீது ஐந்து கற்களோடு கோலியாத்தை எதிர்க்கப் போன கதைக்கு, தாமிரபரணிக் கரையில் பொறுக்கிய ஐந்து கூழாங்கற்களை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தீர்கள். பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலமே, வராத நால்வருக்கும் போன் செய்திருக்கிறீர்கள். ஏன் வரவில்லை என்று கேட்காமல், சாப்பிட்டாயா என்று கேட்டீர்களாம். மூன்று பேர் திரும்பி வந்தார்கள். ஒருத்தியின் கைக்குழந்தை மீதி எட்டு நாளும் உங்கள் மடியில்தான் தூங்கியது.

போர் நடக்கையில் ஆரோனும் ஊர் என்பவரும் மோசேயின் சோர்ந்துபோன கைகளைத் தாங்கியதை வேதாகமத்தில் யாத்திராகமம் 17-ல் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். இந்த வருடம்தான் கண்ணால் பார்த்தேன்.

நிறைவு நாளில் எல்லோரையும் மேடைக்கு அழைத்தபோது நீங்கள் பின்கட்டில் தட்டு கழுவிக்கொண்டிருந்தீர்கள். அந்தத் தங்கை இப்போது ஓய்வுநாள் பள்ளிக்கும் (ஞாயிறு வகுப்பு) டீச்சராகப் பேர் கொடுத்துவிட்டாள். கூழாங்கற்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன அம்மா, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.